பச்சை விளக்கு எரிகிறது

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த டைரியைக் கொடுத்தவள் மிருதுளா. நூல் வியாபாரி ஒருவர் புது வருஷத்துக்குக் கம்பெனி ஆபீசில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்தது. தன் பங்குக்கு வந்ததை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்ன தோணுனாலும் இதுல எழுதுங்கப்பா. கூட்டுல எழுதாதீங்க."

கூடு என்பது போன மாதம் எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோர் போனிலும் ஏற்றிவிட்ட ஆப். முதலாளி முதல் வாட்ச்மேன் வரைக்கும் உள்ளே இருக்கிறோம். படம் போடலாம், வாழ்த்துச் சொல்லலாம், வாயில் வந்ததை எழுதலாம். யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். நன்றாக எழுதுகிறவருக்கு மாதா மாதம் ஒரு நட்சத்திரம். ஜனவரி நட்சத்திரம் அடியேன்.

நான் பேக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். படிப்பு பத்தாவது. கணக்கில் நான் தேறியது எப்படி என்று எங்கள் வாத்தியாருக்கே தெரியாது. பனியனை மடித்துப் பையில் போட்டுப் பெட்டியில் அடுக்குவதை நின்று பார்ப்பது என் உத்தியோகம். மகள் மாடியில், ஏசியில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு ஈமெயில் போடுகிற மெர்ச்சன்டைசிங்கில் இருக்கிறாள். மிருதுளா என்று பெயர் வைத்தது என் சம்சாரம் சாந்தாமணி. எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் மிருது.

போன வாரம் மிருது முதல் தடவையாக ரசம் வைத்தாள். சாயப்பட்டறையில் இருந்து நேராகப் பிடித்துவந்த மாதிரி இருந்தது என்று கூட்டில் போட்டேன். கம்பெனியே சிரித்தது.

"மேல எல்லாரும் என்னை ரசம்னு கூப்பிடறாங்கப்பா."

"சந்தோஷப்படு சாமி. பழைய சோறுன்னு கூப்பிடலையே."

அதற்குத்தான் டைரி.

பிப்ரவரி 5, புதன்

மொபெட் பங்சர். கம்பெனியில் இருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நான் கேட்கவில்லை, மொபெட் கேட்டுக்கொண்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

முத்துமாரி சாப்பிட வந்திருந்தாள். மிருதுவுக்குப் பக்கத்து மேசை. ஊர் அருப்புக்கோட்டை. அப்பா இல்லை. பெருமாநல்லூர் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை அப்பா என்று கூப்பிடுவாள். கூப்பிடுவதோடு நிற்காமல் அதட்டவும் செய்வாள்.

"ஏன்ப்பா, கறிக்கொழம்புலயும் தேங்காயப் போட்டுக் கொன்னுருக்கீக? உங்க ஊருல தேங்கா போடாத சாமான் ஏதாச்சும் இருக்கா?"

"காப்பி."

"நாளைக்கு அதுலயும் போட்டுருவீக."

அவள் போன பிறகு சாந்தாமணியிடம் ஒரு யோசனை சொன்னேன். மிருதுவுக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. தரகரிடம் ஜாதகம் கொடுத்து அவர் வீட்டுக்கு நடையாய் நடப்பதற்குப் பதிலாகக் கூட்டிலேயே போட்டுவிட்டால் என்ன? அத்தனை பேர் இருக்கிறார்கள், ஆளுக்குப் பத்து சொந்தம் இருக்காதா?

"புள்ளையைக் கேட்டுட்டுப் போடுங்க."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா."

"அதுக்குத்தானுங்க கேக்கச் சொல்றேன்."

சாந்தாமணி எப்போதும் இப்படித்தான், காரியம் நடக்க விடமாட்டாள். மிருது கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் போட்டுவிட்டேன். பட்டுப்புடவை கட்டிய போட்டோ, பிறந்த தேதி, பிறந்த நேரம், அனுஷ நட்சத்திரம், உயரம், நிறம், சம்பளம், போன் நம்பர். கடைசியில், 'ரசம் மட்டும் மாப்பிள்ளை வைத்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி. அது என் சொந்தச் சரக்கு.

பிப்ரவரி 10, திங்கள்

ஜி.எம். ரகுநந்தன் சாரே கீழே எழுதியிருக்கிறார்: 'நல்ல இடமாக அமையட்டும்.' முதலாளி சம்சாரத்தின் கூடப்பிறந்தவர். பேக்கிங் செக்‌ஷன் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியுமா என்று நேற்று வரை எனக்குச் சந்தேகம். டீக்கடையில் நாலு பேரிடம் காட்டினேன்.

பத்து மணிக்கு மிருது கீழே இறங்கி வந்தாள். பேக்கிங்குக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அழிங்கப்பா."

"இரு கண்ணு, இன்னும் நாலு பேரு பாக்கட்டும்."

"இப்பவே அழிங்க."

அழித்தேன்.

"யாரு யாரு எடுத்து வெச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"எடுத்து வெச்சா நல்லதுதானே? தரகருக்குக் குடுக்கற காசு மிச்சம்."

மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். படிப்பு அதிகமானால் முன்கோபமும் அதிகமாகிறது. நல்லவேளை, என்னைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள்.

பிப்ரவரி 19, புதன்

இனிமேல் காலையும் மாலையும் என்னோடு மொபெட்டிலேயே வருகிறேன் என்கிறாள். ஸ்கூட்டியில் பிரேக் சரியில்லையாம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரேக் பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறாள். கரண்ட் மிச்சம்.

பிப்ரவரி 24, திங்கள்

கூட்டில் 'மனம் திற' என்று புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் குறை எழுதலாம். எழுதியது கூட்டில் எல்லோருக்கும் தெரியும், எழுதியவர் பெயர் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. எச்.ஆர். அனுராதா மேடம் டைனிங் ஹாலில் மைக் பிடித்து விளக்கினார். "கம்பெனிக்கே தெரியாதுங்க. எனக்கே தெரியாது. நம்பிக்கைதான் நம்ம குடும்பம்."

நான் உடனே எழுதினேன்: 'டைனிங் ஹால் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம்.' பெயர் வரவில்லை. ஆனாலும் சாயந்திரம் பார்க்கிற ஆளெல்லாம், "ஏனுங்கண்ணா, பருப்பு கெடச்சுதா?" என்றார்கள். என் எழுத்துக்கு ஒரு தனி வாசனை இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

டீ டைமில் ஒரே பரபரப்பு. நேற்று ராத்திரி ஏழரை மணிக்கு 'மனம் திற'வில் யாரோ ஒரு பெண் எழுதியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் இரண்டு தடவை படித்துவிட்டேன். ஞாபகத்தில் இருக்கிறபடி எழுதுகிறேன்:

'ஒரு பெரிய ஆபீசர் ராத்திரியில் மெசேஜ் போடுகிறார். என் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தால் போதும், உடனே வருகிறது: "பச்சை விளக்கு எரியுதே, இன்னும் தூங்கலையா?" பதில் போடாவிட்டால் மறுநாள் வேலையில் தப்புக் கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். பையரைக் கூட்டிவரக் கோயமுத்தூர் போகிறோம் என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். பையர் யாரும் வரவில்லை. என் நட்சத்திரம், உயரம், பிறந்த நேரம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் ஜோக்காகிவிடும். யாராவது கேளுங்கள்.'

பாவம், யார் பெற்ற பிள்ளையோ. இப்படியும் ஒரு வீடு.

ஆபீசர் யார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் மாடியில் இருக்கிற ஜி.எம். ரூம் ஜன்னலுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. "நட்சத்திரம் பாக்கறாராம், உயரம் பாக்கறாராம். ஆபீசருக்குப் படிச்சாரா, ஜோசியத்துக்குப் படிச்சாரா?" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

வீட்டிலும் சொன்னேன். சாந்தாமணி சிரித்தாள். மிருது தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். சோறு குழைந்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்

அனுராதா மேடம் கூப்பிட்டுவிட்டார். ஏசி ரூம், குஷன் நாற்காலி, பில்டர் காப்பி. இத்தனை வருஷத்தில் கம்பெனிக் காப்பி எனக்குக் கண்ணாடி டம்ளரில் வந்ததில்லை.

"நாச்சிமுத்து அண்ணா, எல்லாரும் மனசு விட்டுப் பேசறது உங்ககிட்டத்தான். அதை எழுதுன பொண்ணு யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு நாம உதவி பண்ணணுமில்லீங்களா?"

"பேரு தெரியாதுன்னு நீங்கதானுங்களே மேடம் சொன்னீங்க?"

"ஆமாங்கண்ணா. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்." சிரித்தார். நல்ல சிரிப்பு. "அப்பறம், மிருதுளாவுக்கு இந்த மாசம் வேலை கன்பர்மேஷன் வருது இல்லீங்களா? தங்கமான பொண்ணு."

வரும்போதே மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகளின் போனை ஏழு மணிக்கு வார்டன் வாங்கி வைத்துவிடுவார். இது ஏழரை மணிக்குப் போட்டது. ஆகவே வெளியில் இருந்து வந்துபோகிற பெண். திரும்பிப் போய் மேடத்திடம் சொன்னேன். "இது எங்களுக்குத் தோணவே இல்லை பாருங்க!" என்றார்.

போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவன். உயரம் பத்தாமல் போனது டிபார்ட்மென்டுக்குத்தான் நஷ்டம்.

மார்ச் 8, சனி

இன்றைக்கு இன்னொன்று கண்டுபிடித்தேன். பையரைக் கூட்டிவர அழைத்துப் போவது மெர்ச்சன்டைசிங் ஆட்களை மட்டும்தான். தையல், செக்கிங் பெண்களையெல்லாம் காரில் ஏற்றமாட்டார்கள். ஆகவே மாடிப் பெண். மேடம் என் தோளைத் தட்டாத குறை.

சாப்பிடும்போது மிருதுவிடம் கேட்டேன்.

"உங்க டிபார்ட்மென்ட்தான் சாமி. யாரா இருக்கும்?"

"எதுக்குங்கப்பா கேக்கறீங்க?"

"அனுராதா மேடம் என்னைத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்காங்க."

சோற்றில் இருந்து கையை எடுத்தாள். "உங்களையா?"

"ஏன், அப்பன் என்ன அவ்வளவு மட்டமா?"

"கண்டுபுடிச்சு என்ன பண்ணுவாங்களாம்?"

"ஆறுதல் சொல்லுவாங்க."

என் முகத்தைப் பார்த்தாள். "ஒருவேளை அந்தப் புள்ளை உங்ககிட்டயே வந்து சொல்றான்னு வெச்சுக்கங்கப்பா. நீங்க என்ன பண்ணுவீங்க?"

இப்படி ஒரு கேள்வி கையில் வந்து விழுந்தால் விடுவேனா? "அந்த ஆபீசர் ஜாதகத்தை வாங்கிட்டு வா, பொருத்தம் பாத்துச் சொல்றேன்னு சொல்லுவேன்" என்றேன். சாந்தாமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மிருதுவும் சிரித்தாள். பிறகு தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டில் வாட்ச்மேன் பழனிச்சாமியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஜி.எம். காரில் கோயமுத்தூர் போன பெண் யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"ஏனுங்கண்ணா, உங்க பொண்ணுதானே போச்சு? வெள்ளை சுடிதார். திரும்பி வர்றப்ப மூஞ்சியே சரியில்லை, தண்ணி வேணுமா அம்மிணின்னுகூட நான் கேட்டேன். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பழனிச்சாமிக்குக் கண் சரியில்லை. போன வருஷம் முதலாளி காரையே நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டவன்.

வெள்ளைச் சுடிதார் ஊரில் யாரிடம்தான் இல்லை? முத்துமாரியிடமும் ஒன்று இருக்கிறது.

இன்று தண்ணி வரவில்லை. மோட்டார் போட்டுப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

மேடத்திடம் பெயர் சொல்லிவிட்டேன்.

"முத்துமாரியா?" என்றார். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "நல்லாத் தெரியுங்களா அண்ணா?"

"எங்கூட்டுக்குச் சாப்பிட வர்ற புள்ளைங்க. அதே என்கிட்டச் சொல்லுச்சு."

"அப்ப அதையே கூட்டுல எனக்கு ஒரு மெசேஜா போட்டுருங்க. எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். வேற யாரு கண்ணுக்கும் போகாது."

அங்கேயே உட்கார்ந்து ஒற்றை விரலில் தட்டினேன். மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன். ஜி.எம். வேலையில் கண்டித்த கோபத்தில் அவரைப் பற்றிப் பொய்யாக எழுதியதாக முத்துமாரி என்னிடம் சொன்னாள் என்று.

"பொய்யாங்கறது எதுக்குங்க மேடம்?"

"சும்மா ஒரு இதுக்குத்தாங்கண்ணா. இல்லாட்டி பெரிய கேசாப் போயிரும். கமிட்டி அது இதுன்னு எல்லாப் புள்ளைங்களையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டி வரும். மிருதுளாவையும் சேர்த்துத்தான்."

அனுப்பிவிட்டேன்.

முத்துமாரி கெட்டிக்காரி. வாய் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கா பஞ்சம்? இந்தக் கேட்டில் வெளியே போனால் அடுத்த கேட்டில் உள்ளே போய்விடலாம்.

மார்ச் 14, வெள்ளி

முத்துமாரியை நிறுத்திவிட்டார்கள். காலையில் கார்டைக் காட்டியபோது கேட் திறக்கவில்லையாம். குடை, தண்ணி பாட்டில், மேசையில் வைத்திருந்த பிள்ளையார் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள். பெட்டி எங்கள் பேக்கிங்கில் இருந்து போனது. டேப் ஒட்டியதும் எங்கள் ஆள்தான். ஏற்றுமதிக்கு ஒட்டுகிற மாதிரி அழகாக ஒட்டியிருந்தான்.

கூட்டில் அவள் பெயரைத் தேடினேன். அப்படி யாரும் இல்லை என்று வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

முத்துமாரி சாப்பிட வந்துவிட்டாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். நானே பரிமாறினேன்.

"என்னப்பா, இன்னிக்கு உபசாரம் எல்லாம் பலமா இருக்கு? வேல போனவளுக்கு ஸ்பெஷலா?"

"சாப்பிடு சாமி."

"நான் எழுதலப்பா. அந்த மேடம் எங்கிட்ட எதையுமே கேக்கல, தெரியுமா? நீதான் எழுதுன, ஆதாரம் இருக்குன்னு மட்டும் சொல்லுச்சு. யாரோ என்னைய மாட்டி விட்டுருக்காக." குழம்பைப் பிசைந்தாள். "எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும். செத்தாலும் சொல்ல மாட்டேன். சொன்னா அவ வேலையும் போயிரும்ல?"

மிருது சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே எடுத்து எடுத்துத் தேய்த்தாள்.

"இன்னுங்கொஞ்சம் ரசம் ஊத்துங்கப்பா. சாயத்தண்ணியாவே இருந்தாலும் உங்க வீட்டு ரசம் ரசம்தான்."

ஊற்றினேன். பாதி இலைக்கு வெளியே போய்விட்டது. வயசாகிறது.

மார்ச் 20, வியாழன்

முத்துமாரிக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. அவினாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற சென்னியப்பன் என்னோடு ஒன்றாகப் பீடி குடித்தவன். அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அந்தப் புள்ளையா? வேண்டாம்பா. எங்க எச்.ஆருக்குப் போன வாரமே போட்டோவோட வந்துருச்சு."

"எங்கிருந்து?"

"அந்தக் கூடோ என்னமோ, அது எங்க கம்பெனியிலயும் இருக்குதல்லோ. எச்.ஆர். ஆளுகளுக்கு மட்டும் தனியா ஒரு குரூப் இருக்குதாம். ஆபீசர் மேல பொய்ப் புகார் குடுக்கற புள்ளைன்னு போட்டிருக்கறாங்க. உங்க கம்பெனி ஆளே சாட்சி சொல்லியிருக்கறானாமே. எவன்யா அவன்?"

டவர் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

மிக்ஸி ரிப்பேராகி வந்துவிட்டது. சத்தம் முன்னைவிட அதிகம்.

மார்ச் 24, திங்கள்

பதினொரு மணிக்கு அனுராதா மேடம் கூப்பிட்டுவிட்டார். இன்றைக்குக் காப்பி இல்லை. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"இப்பத்தான் மிருதுளா வந்துட்டுப் போச்சுங்கண்ணா. அதை எழுதுனது நான்தான், முத்துமாரியை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கங்கன்னு சொல்லுச்சு. போன்ல வந்த மெசேஜ் எல்லாம் காட்டுச்சு."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உட்காருங்கண்ணா. எங்களுக்கு மொதல் நாளே தெரியும். எந்தப் போன்ல இருந்து போட்டதுன்னு எனக்கு வந்துரும். பேரு வெளிய தெரியாது, அவ்வளவுதான்."

"அப்பறம் எதுக்குங்க என்னைக் கேட்டீங்க?"

"அப்பா காதுல போட்டா, புள்ளையைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லி, அப்படியே அமுக்கிருவீங்கன்னு நெனச்சோம். நீங்க வேற பேரு சொல்லுவீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்லை." உண்மையிலேயே ஆச்சரியம்தான் அந்த முகத்தில். "அதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. இனி அந்தப் புகாரை யாரு கையில எடுத்தாலும், அது பொய்னு உங்க மெசேஜ் இருக்கு. மிருதுளாவோட அப்பாவே சொல்லியிருக்காரு. கமிட்டிக்குப் போனாலும் இதைத்தான் மொதல்ல பார்ப்பாங்க."

"அதை... மிருதுகிட்டக் காட்டுனீங்களா மேடம்?"

"காட்டாம எப்படிங்கண்ணா? கையில ஆதாரம் இருக்கறப்ப காட்டித்தானே ஆகணும்." ஒரு கவரை நீட்டினார். "மிருதுளாவோட கன்பர்மேஷன். ஜி.எம். சார் பெருந்தன்மையா அவருக்குக் கீழேயே நேரா எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. நீங்களே குடுத்துருங்க, சந்தோஷப்படும்."

சாயந்திரம் மிருது மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அம்மா, ஒரு ஜோக் சொல்லட்டுமா?"

"அப்பன் புத்தி உனக்கும் வந்துருச்சா? சொல்லு" என்றாள் சாந்தாமணி.

"ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரும்மா. ரொம்பத் தமாஷான அப்பா. அவரு பொண்ணோட ஜாதகத்தை ஊருக்கெல்லாம் குடுத்தாரு. அதுல ஒரு ஓநாய்க்கும் ஒண்ணு போச்சு. பொண்ணு பேரு போடாம யாருகிட்டயோ போய் அழுதுச்சு. அழுதது யாருன்னு கண்டுபுடின்னு அந்த அப்பாவையே புடிச்சு விட்டாங்க. அவரும் துப்பறிஞ்சு துப்பறிஞ்சு தன் வீட்டு வாசப்படிக்கே வந்து நின்னாரு."

"அப்பறம்?"

"கதவைத் தட்டலை. பக்கத்துல ஒரு புள்ளை உக்காந்து அவரு போட்ட சோத்தைத் தின்னுட்டு இருந்துச்சு. அதுக்கு அப்பா இல்லை. அந்தப் புள்ளையைப் புடிச்சுக் குடுத்துட்டாரு. இதுல தமாஷ் என்னன்னா, கண்டுபுடிக்கச் சொன்னவங்களுக்கு மொதல்லயே எல்லாம் தெரியுமாம்."

சாந்தாமணி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல சிரிக்கறதுக்கு என்னடி இருக்குது?"

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. ஒருவர் ஜோக் சொல்லி முடித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த வீட்டில் அப்போது அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மார்ச் 26, புதன்

மிருது வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு மாத நோட்டீஸ். ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு முத்துமாரியின் ரூமுக்குப் போய்விட்டாள். முத்துமாரி நேற்றே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டாளாம். கட்டில் காலியாக இருக்கிறதாம். நான் கொடுத்த கவரைப் பிரிக்காமல் என் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்னதான் நடந்துச்சுன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க" என்று சாந்தாமணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊருக்கெல்லாம் கதை சொன்னவனுக்கு இதை மட்டும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் பழக்கத்தில் சாந்தாமணி நாலு இலை போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மார்ச் மாத நட்சத்திரமும் எனக்கே. 'குடும்ப உணர்வை வளர்த்ததற்காக.' டைனிங் ஹாலில் கூப்பிட்டு ஜி.எம். சார் கையாலேயே கொடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறாள் என்றேன். சுற்றி இருந்தவர்கள் நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று வாயைப் பார்த்தார்கள். சொன்னேன். "கட்டிக் குடுக்கற செலவு மிச்சமுங்க சார், தானாவே வீட்டை விட்டுப் போயிட்டா." ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போன் போட்டால் மிருது எடுப்பதில்லை. கம்பெனியில் மாடிக்குப் போக எனக்கு அனுமதி இல்லை. காலையில் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போவதைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். இளைத்திருக்கிறாள். எட்டு மணிக்கு மேல் போனை அணைக்கிற பழக்கம் இப்போது இல்லை போலிருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து கூட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விளக்கு எரிந்தால் ரூமுக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். பிறகுதான் படுப்பேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கோபித்துக்கொள்வாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்குச் சித்திரை ஒன்று. சாந்தாமணி மாங்காய் வாங்கி வைத்திருக்கிறாள். மிருதுவைக் கூப்பிடுங்கள் என்கிறாள்.

ஒன்பது மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நிறைய யோசித்தேன். மன்னித்துக்கொள் சாமி என்று தட்டினேன், அழித்தேன். முத்துமாரி எப்படி இருக்கிறாள் என்று தட்டினேன், அதையும் அழித்தேன். ஜோக் ஒன்றும் வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைவதற்குள் ஏதாவது சொல்லிவிட வேண்டுமே என்ற அவசரத்தில், அப்பன்கள் எல்லோரும் கேட்பது போல ஒன்றைக் கேட்டு அனுப்பினேன்.

'இன்னும் தூங்கலையா?'

படித்துவிட்டாள் என்று காட்டியது. விளக்கு அணைந்துவிட்டது.